தள்ளாடாதவரின் கல்லீரல்

ஐயப்பன்தாங்கல் பேருந்துப் பணிமனையை ஒட்டிய தெருக்களில் காலை நடை செல்வது, ஓய்வு பெற்ற பிறகு நான் விடாமல் கடைப்பிடிக்கும் சில பழக்கங்களுள் ஒன்று. சில மாதங்களுக்கு முன் அப்படி நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் வீட்டு மின்வேலைகளைச் செய்துதரும் எலக்ட்ரீஷியன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்த வேலையில் சேர உடல்தகுதிச் சான்று கேட்டிருக்கிறார்கள். அதற்காக எடுத்த இரத்தப் பரிசோதனையின் அறிக்கை அது. எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 62. உடன் இருந்த ஸ்கேன் அறிக்கையில் ‘கிரேடு 2 ஃபேட்டி லிவர்’ என்று எழுதியிருந்தது.

“சார், பதினாறு வருஷமா ராத்திரி ஒரு குவார்ட்டர்தான். அதுக்கு மேல தொட்டதில்லை. நான் தள்ளாடி நீங்க பார்த்திருக்கீங்களா? குடிச்சதுக்காக ஒரு நாள் வேலைக்கு லீவு போட்டிருக்கேனா? எனக்கு எப்படி சார் லிவர் கெடும்?”

உடனே மருத்துவரைப் பார்க்கச் சொல்லி அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னுடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அது சாக்குப்போக்குக்காகக் கேட்கப்பட்டது அன்று; உண்மையான வியப்பிலிருந்து எழுந்தது. தெருவில் விழுந்து கிடப்பவரே குடிநோயாளி, நேராக நடந்து வீடு வந்து சேர்பவர் ‘அளவாக’ குடிப்பவர் என்பதுதான் நம் சமூகம் வகுத்து வைத்திருக்கும் இலக்கணம். குடியின் கேட்டை நாம் கால்களை வைத்தே அளக்கிறோம். கல்லீரலோ அதனை வேறோர் இடத்தில் அளக்கிறது.

நான் மருத்துவன் அல்லன், பொருளியல் கற்பித்தவன். ஆயினும் முதலுக்கும் வருமானத்துக்கும், தேய்மானத்துக்கும் செலவுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் விளக்கியவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு அறிவியல் தரும் விடையைத் தேடிப் படித்தேன். கண்டவற்றுள் மிகவும் வியப்பூட்டியது இதுதான்: “எவ்வளவு குடித்தாலும் தாங்குவேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் அந்தத் தாங்குதிறனின் தடயம், கல்லீரல் செல்லுக்குள் உள்ள ஒரு மெல்லிய சவ்விலும் பதிந்திருக்கிறது. அது நலத்தின் சான்றன்று, சேதத்தின் கையெழுத்து.

ஒரு குவார்ட்டரின் கணக்கு

முதலில் அளவைப் பார்ப்போம். நம் கடைகளில் விற்கும் விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் பொதுவாக 42.8 சதவீதம் மதுசாரம் உள்ளது. 180 மில்லிலிட்டர் கொண்ட ஒரு குவார்ட்டரில் தூய மதுசாரம் ஏறத்தாழ 77 மில்லிலிட்டர்; எடையில் 61 கிராம். பீர் குடிப்போர் தங்களை வேறு வகையினராகக் கருதிக்கொள்வதுண்டு. 650 மில்லிலிட்டர் பாட்டிலில், 5 சதவீத பீர் என்றால் 26 கிராமும், 8 சதவீத ‘ஸ்ட்ராங்’ பீர் என்றால் 41 கிராமும் உள்ளன.

இந்த 61 கிராமை எதனுடன் ஒப்பிடுவது? வட இத்தாலியின் இரண்டு ஊர்களில் மக்களை நேரில் பரிசோதித்து நடத்தப்பட்டு, 1997இல் வெளியான டயோனிசோஸ் ஆய்வு, நாளொன்றுக்கு 30 கிராமைத் தாண்டும்போது கல்லீரல் பாதிப்பின் அபாயம் உயரத் தொடங்குவதாகக் கண்டது. நம் எலக்ட்ரீஷியன் ‘அளவு’ என்று கருதியது அதைப் போல் இரு மடங்கு. பெண்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே பாதிப்பு ஏற்படுகிறது. மேலும், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது.

கல்லீரல் ஒரு மணி நேரத்தில் எரித்து முடிக்கக்கூடிய மதுசாரம் பொதுவாக 7 முதல் 10 கிராம் வரைதான். இரவு ஒன்பது மணிக்குக் குடித்த குவார்ட்டரை முடிக்க அதற்கு விடியற்காலை வரை ஆகிறது. அவர் உறங்குகிறார், அவருடைய கல்லீரல் இரவுப் பணி பார்க்கிறது. பதினாறு ஆண்டுகள் என்றால் ஏறத்தாழ 5,800 இரவுகள். தூய மதுசாரமாகக் கணக்கிட்டால் 350 கிலோ.

மேட்டூர் அணையும் ஒரு சவ்வும்

இந்த இரவுப் பணி நடக்கும் இடத்துக்கு வருவோம். கல்லீரலின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் வரை மைட்டோகாண்ட்ரியாக்கள் உள்ளன. பாடநூல்கள் ‘இழைமணி’ என்று அழைக்கும் இவைதாம் செல்லின் மின்நிலையங்கள். நாம் உண்ணும் உணவு இறுதியில் இவற்றுக்குள் எரிக்கப்பட்டு, ஏடிபி என்னும் ஆற்றல் நாணயமாக மாற்றப்படுகிறது. அந்த ஏடிபியைக் கண்டறிந்ததில் நம் நகரத்துக்கும் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று ஹார்வர்டு சென்ற எல்லப்பிரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயுடன் இணைந்து 1929இல் அதனை அறிவித்தார்; ஜெர்மனியில் கார்ல் லோமன் அதே ஆண்டில் தனியே கண்டறிந்தார். தசையிலும் கல்லீரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்கள் பற்றியது சுப்பாராவ் இணையரின் அந்தக் கட்டுரை.

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு சாதாரணமானது. உட்சவ்வுதான் உயிரின் மையம். உணவை எரிக்கும்போது கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு, உட்சவ்வில் பதிந்துள்ள புரதங்கள் ஹைட்ரஜன் அயனிகளை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏற்றிச் சேர்க்கின்றன. அவை திரும்பி வருவதற்கு முறையான வழி ஒன்றுதான்: சவ்வில் பொருத்தப்பட்டுள்ள சுழலும் நொதி. அதன் வழியே அவை பாயும்போது அது சுழன்று ஏடிபியை உண்டாக்குகிறது. மேட்டூரில் காவிரியைத் தேக்கி விசையாழி வழியே விட்டு மின்சாரம் எடுப்பதற்கும் இதற்கும் அடிப்படைக் கருத்தில் வேறுபாடில்லை. 1961இல் இக்கருத்தை முன்வைத்த பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அணையின் சுவர் எத்துணை மெல்லியது! ஒரு மில்லிமீட்டரில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட சவ்வுகளை அடுக்கிவிடலாம். அதன் இரு பக்கங்களுக்கும் இடையிலான மின்னழுத்தம் ஏறத்தாழ 150 மில்லிவோல்ட். சிறிய எண்ணாகத் தோன்றினாலும், சவ்வின் தடிமனைக் கணக்கில் கொண்டால் அது மீட்டருக்கு இரண்டு, மூன்று கோடி வோல்ட் என்ற அளவுக்கு ஈடாகும். இத்தகைய அழுத்தத்தைத் தாங்கும் சுவரில் சிறு கசிவும் இருக்கக் கூடாது. கசிந்தால் நீர் ஓடிவிடும்; மின்சாரம் வராது.

சுவர் எதனால் ஆனது? கொழுப்பு மூலக்கூறுகளால். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைகிறது, நல்லெண்ணெய் உறைவதில்லை. கொழுப்பின் வால் எத்தகையது என்பதைப் பொறுத்து அதன் இளக்கம் மாறுகிறது. சவ்வும் அப்படித்தான், அதிகம் இளகினால் கசியும், அதிகம் இறுகினால் புரதங்கள் இயங்க முடியாது. இந்தச் சமநிலையைக் காப்பதில் உட்சவ்வுக்கே உரிய கார்டியோலிபின் என்ற கொழுப்புக்குத் தனி இடம் உண்டு. மற்றக் கொழுப்புகளுக்கு இரண்டு வால்கள், இதற்கு நான்கு. ஆற்றல் உற்பத்திப் புரதங்களை அவற்றின் இடத்தில் பிடித்து வைத்திருப்பது இதுதான். கட்டடத்துக்குச் செங்கல் மற்றக் கொழுப்புகள் என்றால், கார்டியோலிபினைச் சிமெண்ட் எனலாம்.

தாங்குதிறன் பிறக்கும் விதம்

மது இந்தச் சுவரைத் தொடும்போது நிகழ்வது என்ன? மதுசாரத்தின் மூலக்கூறு மிகச் சிறியது. நீரிலும் கரையும், கொழுப்பிடையேயும் நுழையும். எனவே அது சவ்வின் கொழுப்பு வரிசைக்குள் புகுந்து ஒழுங்கைக் குலைத்து, சவ்வை இளகச் செய்கிறது. புதிதாகக் குடிப்பவரின் உடலில் நேர்வது இது.

நாள்தோறும் குடித்தால்? 1981இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இமானுவேல் ரூபினும் அவருடைய குழுவினரும் இதற்கு விடை கண்டனர். உணவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு மதுவாகவே இருக்கும்படி எலிகளுக்குச் சில வாரங்கள் கொடுத்து, அவற்றின் கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்துச் சோதித்தனர். குடிக்காத எலிகளின் சவ்வு மது பட்டவுடன் இளகியது. குடித்துப் பழகிய எலிகளின் சவ்வோ அதே அளவு மதுவுக்கு மசியவில்லை. சவ்வு தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது. 1988இல் அதே குழு இன்னும் ஒரு படி சென்று, இந்த மாற்றத்தைச் சுமந்திருப்பது கார்டியோலிபின்தான் என்று காட்டியது. பழகிய எலியின் கார்டியோலிபினை மட்டும் எடுத்து மற்றக் கொழுப்புகளுடன் சேர்த்துச் சவ்வு செய்தாலும், அந்தச் சவ்வும் மதுவைத் ‘தாங்கியது’.

குடித்தும் தள்ளாடாமல் இருப்பதற்கு முதன்மைக் காரணம் மூளை மதுவுக்குப் பழகிவிடுவதும், கல்லீரல் அதனை விரைவாக எரிக்கக் கற்றுக்கொள்வதும் ஆகும். ஆனால் மூளை பழகுவதற்கு இணையாக, உடலின் ஆழத்தில் சவ்வுகளும் பழகுகின்றன. மூளையின் பழக்கம் ‘தெம்பு’ என்று பெயர் பெறுகிறது. சவ்வின் பழக்கத்துக்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார். அவர் கல்லீரல்.

விலைப்பட்டியல்

அந்த விலை பல தவணைகளில் வசூலாகிறது. மதுசாரம் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சாக மாறுகிறது. அதனை முறிக்கும் முக்கிய நொதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்தான் இருக்கிறது. இரவு முழுவதும் இந்த வேலையிலேயே ஈடுபடுவதால், கொழுப்பை எரிக்கும் வழக்கமான பணி தடைப்படுகிறது. எரியாத கொழுப்பு செல்லுக்குள் தேங்குகிறது. ஸ்கேன் அறிக்கையில் நாம் காணும் ‘ஃபேட்டி லிவர்’ இதுதான். அளவுக்கு மீறித் தொடர்ந்து குடிப்போரில் பத்தில் ஒன்பது பேருக்கு இது வந்துவிடுகிறது.

இரண்டாவது தவணை, கல்லீரல் பெருமைப்படும் விரைவின் விலை. நாள்தோறும் மது வரும்போது, அதனை எரிக்க மற்றொரு நொதியைக் கல்லீரல் கூடுதலாகத் தயாரிக்கிறது. சார்லஸ் லீபரும் லியனோர் டிகார்லியும் 1968இல் விவரித்த பாதை இது. மதுவை விரைவில் எரித்தாலும், துணை விளைவாக அது சீறும் வேதித் துகள்களைக் கக்குகிறது. இவை அருகிலுள்ள கொழுப்பைத் தாக்கிக் கெடுக்கின்றன. முதல் இலக்குகளில் கார்டியோலிபினும் ஒன்று. குடித்த தலைவலிக்குப் பாராசிட்டமால் விழுங்கும் பழக்கம் ஆபத்தானது என்பதும் இதனால்தான். அந்த மாத்திரையை நச்சுப்பொருளாக மாற்றுவதும் இதே நொதி.

மூன்றாவது தவணை மிகவும் நுட்பமானது. இத்துகள்களிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பது குளூட்டாதயோன் என்னும் காவலர். இதனை மைட்டோகாண்ட்ரியா தானே தயாரிப்பதில்லை. வெளியிலிருந்துதான் உள்ளே கொண்டுவர வேண்டும். தொடர்ந்து மது அருந்தும்போது உட்சவ்வில் வழக்கத்துக்கு மாறாகக் கொலஸ்ட்ரால் சேர்ந்து, சுவர் இறுகி, காவலரை ஏற்றிவரும் வாயிலின் இயக்கம் குன்றுகிறது. பார்சிலோனாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் எலிகளில் இதனைக் காட்டியுள்ளனர். செல்லில் காவலர் இருக்கிறார். காவல் தேவைப்படும் அறைக்குள் அவரால் நுழைய முடியவில்லை.

அதன் பின் சரிவு விரைகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணு உண்டு. அது உட்சவ்வை ஒட்டியே இருப்பதால் துகள்களின் தாக்குதலுக்கு எளிதில் ஆளாகிறது. ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான 13 புரதங்களுக்கான குறிப்பு அதில்தான் உள்ளது. அப்புரதங்கள் குறைய, ஏடிபி குறைகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் சில மைட்டோகாண்ட்ரியாக்கள் ஊதிப் பெருத்து, செல்லின் உட்கருவுக்கு ஒப்பான பேருருவம் கொண்டிருப்பது தெரியும். மனிதக் கல்லீரல் திசுக்களிலேயே மருத்துவர்கள் இதனைக் காண்கின்றனர். இறுதியில், கார்டியோலிபினில் கட்டி வைக்கப்பட்டிருந்த சைட்டோகுரோம் சி என்னும் புரதம் அவிழ்ந்து வெளியேறுகிறது. அது செல் தன்னைத்தானே அழித்துக்கொள்வதற்கான ஆணை.

செல்கள் மடிந்த இடத்தில் தழும்பு உருவாகிறது. தழும்புகள் கூடிக் கல்லீரலை இறுக்கும் நிலையே சிரோசிஸ். நெடுங்காலம் மிகுதியாகக் குடிப்போரில் பத்தில் ஒருவர் அல்லது இருவர் இந்நிலையை அடைகின்றனர். அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. நீரிழிவும் உடற்பருமனும் உள்ளவர்களுக்கு அபாயம் கூடுதல். அவையும் இதே மைட்டோகாண்ட்ரியாவின் மீதுதான் சுமையை ஏற்றுகின்றன. இவ்விரண்டும் பெருகிவரும் தமிழ்நாட்டில் இதனை இலேசாகக் கருத முடியாது.

இரத்த அறிக்கை சொல்லும் செய்தி

எலக்ட்ரீஷியனின் அறிக்கையில் இருந்த இரண்டு எண்களின் பொருள் இப்போது விளங்கும். எஸ்ஜிபிடி பெரும்பாலும் செல்லின் பொதுவெளியில் இருக்கும் நொதி. எஸ்ஜிஓடியின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருப்பது. பெரும்பாலான கல்லீரல் நோய்களில் முன்னதே மிகுந்திருக்கும். மதுவால் வந்த பாதிப்பில் பின்னது இரு மடங்குக்கும் மேலே செல்வது வழக்கம். பி6 வைட்டமின் குறைவால் எஸ்ஜிபிடி தாழ்ந்திருப்பதும் இதற்கு ஒரு காரணம். ஆயினும் அடிப்படைச் செய்தி தெளிவானது: மின்நிலையத்தின் உள்ளறையில் இருக்க வேண்டிய பொருள் தெருவில் கிடக்கிறது. அவருடைய விகிதம் 2.4. இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. அது மருத்துவரின் பணி. ஆனால் கால்கள் சொல்லாததை அந்தக் காகிதம் சொல்லிவிட்டது.

இங்கே இரண்டு நம்பிக்கைகளைக் களைவது நல்லது. “நன்றாகச் சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் ஒன்றும் ஆகாது” என்பது முதலாவது. மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் இதையே நம்பியது. கல்லீரலைக் கெடுப்பது ஊட்டச்சத்துக் குறைவே என்று பாடநூல்கள் எழுதின. நியூயார்க்கில் சார்லஸ் லீபர் 1970களில் பபூன் குரங்குகளுக்குச் சத்தான உணவுடன் மதுவும் கொடுத்து, அப்படியும் சிரோசிஸ் வருவதைக் காட்டிய பிறகே அந்தக் கருத்து தளர்ந்தது. கோழி வறுவல் கேடயமாகாது.

இரண்டாவது, “கீழாநெல்லி சாப்பிட்டால் சரியாகிவிடும்” என்பது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் 1988இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு, ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்போரைப் பற்றியது. மதுவால் கெட்ட கல்லீரலைப் பற்றியது அன்று. அந்த முடிவையும் பிற நாடுகளில் நடந்த பல சோதனைகள் உறுதி செய்யவில்லை. மஞ்சளில் உள்ள குர்குமின் மது கொடுக்கப்பட்ட எலிகளின் கல்லீரலைக் காப்பது பற்றி அண்ணாமலைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் துறையினர் ஆராய்ந்திருக்கின்றனர். இவை மதிக்கத்தக்க ஆய்வுகள். ஆனால் எலியில் கண்ட பயனை, இரவில் குடித்துவிட்டுக் காலையில் மஞ்சள் கரைத்துக் குடிப்பதற்கான அனுமதியாகக் கொள்வது தவறு.

விரைந்து கொல்வதும் மெல்லக் கொல்வதும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. நாடே அதிர்ந்தது; சட்டமன்றம் கொந்தளித்தது; சட்டம் கடுமையாக்கப்பட்டது. மெத்தனால் உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஓர் இன்றியமையாத நொதியை முடக்குகிறது. பார்வை நரம்பு முதலில் பலியாவதும் அதனால்தான். அதாவது, கள்ளச்சாராயமும் அரசு முத்திரையிட்ட குவார்ட்டரும் தாக்கும் இடங்களுள் ஒன்று பொதுவானது. முன்னது இரண்டு நாட்களில் முடித்துவிடுகிறது. பின்னது இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. இரண்டு நாள் மரணத்துக்கு விசாரணை ஆணையம் உண்டு. இருபது ஆண்டு மரணத்துக்கு மருத்துவமனையின் கோப்பு எண் மட்டுமே உண்டு.

இங்கே பொருளியலுக்கு வேலை வருகிறது. 2003 நவம்பரில் மது சில்லறை விற்பனையை டாஸ்மாக் ஏற்றபோது, அந்நிதியாண்டில் அரசுக்குக் கிடைத்த வருவாய் ரூ.3,600 கோடி அளவில் இருந்தது. 2024-25இல் அது ரூ.48 ஆயிரம் கோடியைத் தாண்டியது. விலைவாசி உயர்வைக் கழித்துப் பார்த்தாலும் இது பெருவளர்ச்சி. மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் இது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வயதுவந்த ஆண்களில் நான்கில் ஒருவர் மது அருந்துகிறார். இவ்விரு ‘நான்கில் ஒன்று’களும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன.

அரசின் வரவு செலவுத் திட்டமும் ஒரு சவ்வைப் போலத்தான். முதலில் மதுப் பணம் அதன் ஒழுங்கைக் குலைத்தது. பிறகு அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொண்டது. இன்று அது இல்லாமல் இயங்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. 1937இல் சேலத்தில் தொடங்கி 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கின் வரலாறு நமக்குத் தெரியும். ஒரே நாளில் கடைகளை மூடிவிடலாம் என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. கள்ளச்சாராயத்தின் நிழல் அங்கே காத்திருக்கிறது. ஆனால் கணக்கு நேர்மையாக எழுதப்பட வேண்டும் என்று கோரும் உரிமை எனக்குண்டு. தேய்மானத்தைக் கழிக்காமல் இலாபம் காட்டும் நிறுவனத்தை எந்தத் தணிக்கையாளரும் ஏற்கமாட்டார். நாற்பத்தைந்து வயதில் வேலை செய்ய முடியாமல் வீட்டில் முடங்கும் தொழிலாளி, அவருடைய சிகிச்சைக்காக அடகுக்குப் போகும் மனைவியின் நகை, பொதுப் பணத்தில் நடக்கும் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஆகிய எதுவும் அந்த 48 ஆயிரம் கோடியிலிருந்து கழிக்கப்படுவதில்லை. வருமானம் என்று நாம் எழுதிக்கொள்வதில் ஒரு பகுதி முதலைத் தின்பது. முதலுக்கே மோசம் என்று நம் முன்னோர் சொன்னது இதனைத்தான்.

செய்யக்கூடியவை

மூன்று கோரிக்கைகள். முதலாவதாக, ஒவ்வொரு பாட்டிலிலும் அதில் உள்ள தூய மதுசாரத்தின் அளவைக் கிராமில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். மதுவின் கேடு பற்றிய பொது எச்சரிக்கையைக் கண்கள் பழகிவிட்டன. ‘61 கிராம்’ என்பது புதிய செய்தி.

இரண்டாவதாக, 2021 முதல் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மதுப் பழக்கம் பற்றிய சில கேள்விகளையும் கல்லீரல் நொதிப் பரிசோதனையையும் சேர்க்க வேண்டும். எலக்ட்ரீஷியனுக்குத் தற்செயலாகக் கிடைத்த எச்சரிக்கை மற்றவர்களுக்கு முறையாகக் கிடைக்கட்டும்.

மூன்றாவதாக, மது வருவாயில் ஒரு நிலையான விழுக்காட்டைச் சட்டப்படி குடிநோய் சிகிச்சைக்கு ஒதுக்க வேண்டும். சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, இது தண்டனைக்குரிய ஒழுக்கக்கேடன்று, சிகிச்சைக்குரிய நோய் என்பதை நிலைநாட்டி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மாவட்டந்தோறும் அத்தகைய இடங்கள் தேவை. நாடு முழுவதும் மதுவால் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5.7 கோடிப் பேர் என்று 2019இல் வெளியான எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வு மதிப்பிட்டது. இருக்கும் படுக்கைகளைக் கொண்டு இந்தக் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது.

தனிமனிதர்களுக்குச் சொல்ல ஒரு நற்செய்தி இருக்கிறது. கல்லீரல் மன்னிக்கும் உறுப்பு. குடியை நிறுத்தினால் கொழுப்பு சில வாரங்களில் கரையத் தொடங்குகிறது. மைட்டோகாண்ட்ரியாக்கள் சில நாட்கள் முதல் இரண்டு வாரங்களுக்குள் புதியனவாக மாற்றப்பட்டுக்கொண்டே இருப்பவை. மதுவை நிறுத்திய எலிகளின் கல்லீரல் சவ்வுகள் சில நாட்களிலேயே அந்தத் ‘தாங்குதிறனை’ இழந்து பழைய இயல்புக்குத் திரும்புவதை ரூபின் குழுவினரே 1986இல் கண்டனர். தழும்பு விழுந்த பிறகு இந்த மன்னிப்பு எளிதில் கிடைப்பதில்லை. மன்னிப்புக்கும் ஒரு கெடு உண்டு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. பல ஆண்டுகள் நாள்தோறும் குடித்தவர்கள் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தக் கூடாது. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் என உயிருக்கே ஆபத்தான நிலை வரக்கூடும். மருத்துவமனை செல்லத் தயங்குவோர், 14446 என்ற இலவச தேசிய உதவி எண்ணை முதலில் அழைக்கலாம்.

எலக்ட்ரீஷியன் சென்ற வாரம் மீண்டும் வந்தார், வீட்டில் ஒரு சுவிட்ச் மாற்ற. மருத்துவர் கண்காணிப்பில் குடியை விட்டு நான்கு மாதங்கள் ஆகின்றன என்றார். புதிய அறிக்கையில் எஸ்ஜிஓடி 44. இன்னும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். “மச்சான் கல்யாணத்துல ஊத்திக் கொடுத்தாங்க சார். முன்ன மாதிரி தாங்க மாட்டேன்னு பயமா இருந்துச்சு. வேணாம்னு எழுந்து வந்துட்டேன்” என்றார் சற்றே வெட்கத்துடன்.

தாங்க மாட்டோம் என்ற அந்த அச்சத்தை அவர் தம் பலவீனமாகச் சொன்னார். கல்லீரலின் கணக்கில் அது வரவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு)